கடைக் கண்ணாடிப் பசைக்கு ஒரு பையனோட கையும் நுரையீரலும் விலையா?

1/
ஆடி முடிஞ்சா கண்ணாடியில இருக்குற "ஆடித் தள்ளுபடி" ஸ்டிக்கரைச் சுரண்டணும். அதுக்கு அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளி ஆஃபர் ஒட்டணும். அத்திப்பட்டுல ஆரம்பிச்சு எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் வரைக்கும் நிறைய கடைகள்ல இந்த வேலை கடையிலேயே வயசுல சின்ன பையன் தலையிலதான் விழுது. அவன் கையில கொடுக்குற ஆயுதம்: பழைய பனியன் துணி, பாதி பிளேடு, ஒரு பாட்டில் பெட்ரோல் இல்லன்னா தின்னர். இதை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் இந்த இழை. நீளமாத்தான் இருக்கும். கடை வச்சிருந்தா முழுசா படிங்க.

2/
நேரம் இல்லாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். வினைல் எழுத்தை எடுக்க சூடும் பொறுமையும் போதும். பசையை எடுக்க சோப்புத் தண்ணியும் தேங்காய் எண்ணெயும் போதும். பெட்ரோல், தின்னர் ரெண்டும் கடைக்குள்ள வரவே தேவையில்ல. ஏன், எப்படின்னு தெரிஞ்சிக்கணும்னா கீழ வாங்க.

3/
அத்திப்பட்டுன்னதும் "சிட்டிசன் படத்துல காணாம போச்சே, அந்த ஊரா?"ன்னு கேப்பாங்க. அது அத்திப்பட்டி. இது பொன்னேரி தாலுகா, மின்ட்ரெயின் நிக்கிற அத்திப்பட்டு. ஒரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. லாரி இருக்குற இடத்துல டிங்கரிங், பெயின்டிங் பட்டறை இருக்கும். பட்டறை இருக்குற இடத்துல தின்னர் கடன் கேட்டாலே கிடைக்கும். இங்க அது ரசாயனமே இல்ல, ஒரு வீட்டுச் சாமான் மாதிரி ஆயிடுச்சு. என் கவலையே அதுதான்.

4/
முதல்ல ஒட்டியிருக்குறது என்னன்னு புரிஞ்சிக்கங்க. அந்த எழுத்து பி.வி.சி. பிளாஸ்டிக். பின்னாடி இருக்குறது பெரும்பாலும் அக்ரிலிக் பசை. புதுசுல பி.வி.சி. வளைஞ்சு கொடுக்கும், காரணம் அதுல கலந்திருக்குற மெதுவாக்கி. வருஷக்கணக்குல வெயில் பட்டா அந்த மெதுவாக்கி வெளியேறிடும். அப்புறம் உரிச்சா முழுசா வராது, அப்பளம் மாதிரி நொறுங்கும். பசை மட்டும் கண்ணாடியிலேயே தங்கி, நம்ம ஊர்த் தூசியை எல்லாம் இழுத்து கறுப்பாயிடும். அது பிடிவாதமான அழுக்குதான், ஒத்துக்கறேன். ஆனா விஷம் ஊத்தித்தான் போகும்ங்கறது பொய்.

5/
இப்ப பெட்ரோல். அதுல பென்சீன் இருக்கு. பி.எஸ்-6 தரத்துலயே 1 சதவீதம் வரைக்கும் அனுமதி உண்டு. மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருட்களை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவுல வச்சிருக்கு. பென்சீன் அந்தப் பிரிவு. அது குறி வைக்கிற இடம் எலும்பு மஜ்ஜை, வர்ற நோய் ரத்தப் புற்றுநோய். ஒரு தடவை துடைச்சதுக்கு நாளைக்கே வரும்னு பயமுறுத்த மாட்டேன். ஆனா மாசாமாசம் இதே வேலையை ஒரே பையன் செஞ்சா, அந்தக் கணக்கு அவன் உடம்புல ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

6/
புற்றுநோய் தூரத்து விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு, பக்கத்து விஷயம்: தீ. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவியாகும். நம்ம ஊர்ல 35 டிகிரி. அந்த ஆவி காத்தை விட 3, 4 மடங்கு கனம். மேல போகாது, தரையோட தரையா தவழ்ந்து போகும். உங்க மூக்குக்கு வாசம் குறைஞ்ச மாதிரி இருக்கும்போதே, அது கல்லாவுக்குக் கீழ தேங்கி நிக்கும்.

7/
நம்ம கடையை ஒரு தடவை சுத்திப் பாருங்க. சாமி படத்துக்கு முன்னாடி விளக்கு. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். பக்கத்துல டீக்கடை அடுப்பு. வெள்ளிக்கிழமை தணலோட வர்ற சாம்பிராணி பாய். கடை மூடின பிறகு வேலை நடக்கட்டும்னு ஷட்டரைப் பாதி இறக்கி விட்டு, உள்ள பையன். காத்து போக வழியில்ல, அவன் ஓடவும் வழியில்ல. பெட்ரோலை பாட்டில்ல கொடுக்க மாட்டோம்னு பங்க்ல போர்டு வச்சிருக்காங்களே, அது விளையாட்டுக்கு இல்ல.

8/
இன்னொரு கூட்டம் இருக்கு. ஒரு கையில ஹீட் கன், இன்னொரு கையில தின்னர் துணி. ரீல்ஸ்ல பாத்தேன்னு சொல்வாங்க. ஹீட் கன் 500 டிகிரிக்கு மேல சூடாகும். அந்தச் சூட்டுல பி.வி.சி. கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வரும். ஈரமான தொண்டையில பட்டா அது அமிலம். பக்கத்துல தின்னர் துணியும் இருந்தா அங்க நடக்குறது சுத்தம் பண்ற வேலை இல்ல, தீ வைக்கிற ஏற்பாடு. கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டை ஒரு தடவை பாத்தவங்க யாரும் "ஒண்ணும் ஆகாது"ங்கற வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க.

9/
தின்னருக்கு வருவோம். அதுல பொதுவா இருக்குறது டொலுயீன். பஞ்சர் சொல்யூஷனை பசங்க துணியில ஊத்தி மோந்து போதை ஏத்திக்கிறாங்கன்னு கவலைப்படறோமே, அந்தப் போதைக்குக் காரணமானவங்கள்ல டொலுயீனும் ஒண்ணு. அதே பொருளைக் கடை முதலாளி கொடுத்து, மூடின ஷட்டருக்குள்ள ரெண்டு மணி நேரம் மோக்க வச்சா அதுக்குப் பேரு வேலையாம். தலைவலி, தலைசுத்தல், வாந்தி, கால் தள்ளாட்டம் எல்லாம் மூளை கொடுக்குற எச்சரிக்கை. அந்த நிலைமையில அவன் நிக்கிறது ஸ்டூல் மேல.

10/
"கண்ணாடி துடைக்கிறதுல என்ன சார் வியாதி வந்துடும்?"னு கேக்கறீங்களா? சீனாவுல சூசோ நகரம். ஆப்பிள் கம்பெனிக்கு தொடுதிரை செஞ்சு கொடுத்த வின்டெக் தொழிற்சாலை. திரையைத் துடைக்க அதுவரைக்கும் ஆல்கஹால் இருந்துச்சு. சீக்கிரம் காயும்னு அதை மாத்தி என்-ஹெக்சேன் கொடுத்தாங்க. 137 தொழிலாளிகள் பாதிக்கப்பட்டாங்க. 2011ல ஆப்பிளே தன்னோட அறிக்கையில இந்த எண்ணிக்கையை ஒத்துக்கிச்சு. கை கால் மரத்துப் போச்சு, நடக்க முடியல. மிச்சமானது ஒரு திரைக்குச் சில விநாடிகள்.

11/
என்-ஹெக்சேன் உடம்புக்குள்ள போனதும் நரம்போட நீளமான இழைகளைச் சிதைக்கிற பொருளா மாறும். அதனாலதான் மரத்துப் போறது கால் விரல் நுனியில ஆரம்பிக்கும், அப்புறம் கை விரல். பெட்ரோல்லயும் சில வகை பசைத் தின்னர்லயும் இந்த ஹெக்சேன் இருக்கு. 25 வயசுப் பையன் "செருப்பு கழண்டு விழுறதே தெரியல டாக்டர்"னு வந்தா எல்லாரும் முதல்ல சுகர்தான் பாப்பாங்க. என்ன வேலை செய்யறேன்னு கேக்கணும். அவங்களும் சொல்லணும்.

12/
"மாஸ்க் போட்டுத்தான் சார் செய்யறான்." கொரோனா காலத்துல நாங்க மாஸ்க் போடச் சொன்னது நீர்த்துளிக்கும் தூசிக்கும். சர்ஜிக்கல் மாஸ்கோ, என்-95ஓ, துணி மாஸ்கோ, எதுவும் பெட்ரோல் ஆவியைத் தடுக்காது. ஆவி காத்து மாதிரி, துணிக்குள்ள புகுந்து போயிடும். அதுக்குக் கரி அடைச்ச தனி வடிகட்டி உள்ள முகமூடி வேணும். அதை வாங்கித் தர்ற கடைக்காரரை இதுவரைக்கும் நான் பாத்ததில்ல. மாஸ்க் போட்டா பையனுக்குப் பாதுகாப்பு கூடுறதில்ல, முதலாளிக்கு மனசாட்சி உறுத்துறது குறையுது. அவ்வளவுதான்.

13/
கையுறையும் அதே கதை. ஆஸ்பத்திரியில நாங்க போடற மெல்லிய ரப்பர் கையுறைக்குள்ள டொலுயீன் சில நிமிஷத்துலயே ஊடுருவிடும். உள்ள மாட்டிக்கிட்டு தோலோட ஒட்டியே இருக்கும். தோல்ல இருக்குற இயற்கையான எண்ணெயை எல்லாம் அது கரைச்சிடும். அப்புறம் வறண்டு, வெடிச்சு, அரிச்சு, சீழ் பிடிச்சு வரும். "அலர்ஜி ஊசி போடுங்க"ன்னு கேப்பாங்க. ஊசி என்ன செய்யும், நாளைக்கும் அதே துணியைப் பிடிக்கிற கைக்கு?

14/
வேலை முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்குற தின்னர் எங்க போகுது? தண்ணி பாட்டில்ல ஊத்தி, கல்லா பக்கத்துல. கடைக்கு வந்த ஓனர் வீட்டுக் குழந்தைக்கு அது தண்ணி. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் இதுல பெரிய ஆபத்து வயித்துல இல்ல, நுரையீரல்ல. ரொம்ப லேசான திரவம். ஒரு இருமல் போதும், மூச்சுக்குழாய்ல இறங்கி ரசாயன நிமோனியா ஆயிடும். அதனால வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி வரும்போது இன்னொரு தடவை நுரையீரலுக்குள்ள போகும். பால், உப்புத் தண்ணி, எலுமிச்சை எதுவும் கொடுக்காதீங்க. குழந்தை நல்லா விளையாடினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. குறைஞ்சது 6 மணி நேரம் கண்காணிக்கணும்.

15/
"சாயங்காலம் வெல்லம் சாப்பிட்டா நெஞ்சுல இருக்குறது இறங்கிடும்." "பால் குடிச்சா விஷம் முறிஞ்சிடும்." வெல்லமும் பாலும் போறது வயித்துக்கு. ஆவி போனது நுரையீரலுக்கு, அங்க இருந்து ரத்தத்துக்கு. ரெண்டும் சந்திக்கிற இடமே கிடையாது. வெல்லம் வாங்கற காசுல ஒரு சோப்பு வாங்குங்க.

16/
பிளேடைப் பத்தி. ஷேவிங் பிளேடைப் பாதியா உடைச்சு விரலால பிடிச்சுச் சுரண்டுவாங்க. வழுக்கும். விரல் மடங்குற இடத்துல வெட்டினா, தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழயே தசைநாரும் நரம்பும் இருக்கு. வெளியில பாத்தா சின்ன வெட்டு. விரலை மடக்கச் சொன்னா மடங்காது. தொழிற்சாலைகள் நிறைஞ்ச வடசென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரியோட கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த பிரிவு அது. அவ்வளவு திறமையான கைகள் இருக்குங்கறதுக்காக, ஒரு ஸ்டிக்கருக்கு இன்னொரு விரலை அனுப்பணுமா?

17/
இந்த வேலையைச் செய்யறது யாருன்னு பாருங்க. முதலாளி செய்ய மாட்டார். வாசம் ஆகாதாம். கல்லாவுல இருக்குற அக்காவும் செய்ய மாட்டாங்க, தலைவலிக்குதாம். அப்போ கெடுதல்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இன்னொருத்தன்கிட்ட தள்ளறீங்க. ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த தம்பிக்கும், லீவுக்கு வந்த பத்தாங்கிளாஸ் பையனுக்கும் மூக்கு வேற மாதிரி படைக்கப்பட்டிருக்கா?

18/
சட்டமும் சொல்லிடறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல வந்து 2016ல திருத்தப்பட்டது. 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கவே கூடாது. 14ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலையில வைக்கக் கூடாது, எளிதில் தீப்பற்றும் பொருட்கள் அந்த ஆபத்துப் பட்டியல்லயே இருக்கு. "சொந்தப் பையன்தான் டாக்டர், ஸ்கூல் விட்டு வந்து உதவி பண்றான்"னு சொல்லாதீங்க. குடும்பத் தொழிலுக்குக் கொடுத்த விலக்கும் ஆபத்தான வேலைக்குப் பொருந்தாது. பாத்தா 1098க்குச் சொல்லுங்க.

19/
தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல இருந்து இருக்கு. பெயர்ப்பலகை தமிழ்ல இருக்கணும்னு அதோட 1948 விதிகள் சொல்லுது. நல்ல விதி, நடக்கட்டும். கடை ஊழியர்களுக்கு உக்கார உரிமை உண்டுன்னு 2021ல அதே சட்டத்தைத் திருத்தினாங்க. அதுவும் நல்லது. எழுத்து எந்த மொழியில இருக்கணும்னு கேக்குற சட்டத்துக்கு, அந்த எழுத்தை எடுக்குற கை எப்படி இருக்குன்னும் கேக்கற பொறுப்பு உண்டு. காத்தோட்டம், தீத்தடுப்பு எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளயே எழுதி வச்சிருக்கு. பலகையைப் பாக்க வர்ற அதிகாரி, கல்லாவுக்குக் கீழ இருக்குற பாட்டிலையும் ஒரு பார்வை பாக்கட்டும்.

20/
இப்ப நிறைய பேர் கேக்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். "டாக்டர், ஊரே அனல் மின் நிலையச் சாம்பல்ல மூச்சு விடுது. நீங்க ஸ்டிக்கர் பசையைப் பேச வந்துட்டீங்க." நியாயமான கோவம். சாம்பலைப் பத்திக் கண்டிப்பா பேசணும், பேசறேன். ஆனா ஒண்ணு யோசிங்க. "அளவு ரொம்பக் குறைவு, ஒண்ணும் ஆகாது"ன்னுதானே பெரிய இடத்துல இருக்குறவங்க நமக்குச் சொல்றாங்க? அதே வசனத்தைத்தான் நீங்க அந்தப் பையனுக்குச் சொல்றீங்க. ஏற்கெனவே சாம்பல் குடிச்ச நுரையீரல் அவனோடது. அதுக்கு மேல தின்னரும் ஏன்?

21/
2023 டிசம்பர், மிக்ஜாம் புயலுக்கு அப்புறம். எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவினப்ப மீனவர்கள் வெறுங்கையால வாளியில அள்ளின படத்தைப் பாத்து நாம எல்லாரும் கொதிச்சோம். மேல ஊத்தினவன் ஒருத்தன், கீழ அள்ளுறவன் ஒருத்தன்னு எழுதினோம். சரியாத்தான் எழுதினோம். அந்த நியாயம் முகத்துவாரத்தோட நின்னுடக் கூடாது. ஒட்டச் சொன்னது ஒருத்தர், லாபம் பாத்தது ஒருத்தர், வெறுங்கையால சுரண்டுறது மட்டும் எப்பவும் வேற ஒருத்தனா? புகைபோக்கி நம்ம கையில இல்ல. இந்த பாட்டில் நம்ம கையில இருக்கு.

22/
சரி, செய்முறை. எழுத்தை எடுக்க: வீட்டுல இருக்குற ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு அசைச்சுக்கிட்டே இருங்க. ஒரே இடத்துல சூடு காட்டினா கண்ணாடி விரியும். சூடான கண்ணாடியில பச்சத்தண்ணி ஊத்தாதீங்க. பசை இளகினதும் ஓரத்தை நகத்தால கிளப்பி, எழுத்தை அதும்மேலயே மடிச்ச மாதிரி மெதுவா இழுங்க. வெடுக்குன்னு இழுத்தா பசை கண்ணாடியோட நின்னுடும். டிரையர் இல்லையா, வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்ச துணியை ஒத்தடம் மாதிரி வைங்க.

23/
பசையை எடுக்க: பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில செய்தித்தாளை நனைச்சு ஒட்டி வைங்க. அரை மணி நேரம் ஊறட்டும். பழைய ஏ.டி.எம். கார்டால தள்ளுங்க. மிச்சம் இருந்தா தேங்காய் எண்ணெய் தடவி இன்னொரு அரை மணி நேரம், அப்புறம் துடைச்சு சோப்பு போட்டுக் கழுவுங்க. அதுக்கும் அசையலன்னா சர்ஜிக்கல் ஸ்பிரிட், துணியில கொஞ்சமா. ஷட்டர் முழுசா திறந்து, விளக்கு அணைச்சு. அதுவும் தீப்பிடிக்கும், மறக்காதீங்க. நீலகிரித் தைலமும் பசையைக் கரைக்கும். ஆனா குழந்தை குடிச்சா வலிப்பு வரும், எட்டாத இடத்துல வைங்க.

24/
பிளேடு வேணும்னா கைப்பிடி உள்ள ஸ்கிரேப்பர் வாங்குங்க. கண்ணாடி எப்பவும் ஈரமா இருக்கணும், ஒரே பக்கமா தள்ளணும், இன்னொரு கை முன்னாடி வரக் கூடாது. கூலிங் ஃபிலிம் ஒட்டின பக்கம் பிளேடே வேணாம். தேஞ்ச பிளேடைக் குப்பைப் பையில போடாதீங்க. மூடி போட்ட டப்பாவுல போட்டு மூடுங்க. விடியக்காலையில அந்தப் பையைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் பத்து விரல்தான்.

25/
ஏதாவது ஆயிடுச்சுன்னா:
தீக்காயம்: ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். மோதிரம், வாட்ச் கழட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் வேணாம். 108.
உடம்புல பெட்ரோல் கொட்டினா: துணியைக் கழட்டி, சோப்பு போட்டுக் கழுவின பிறகுதான் அடுப்புப் பக்கம்.
கண்ணுல தெறிச்சா: இமையை விரிச்சு 15 நிமிஷம் தண்ணி, அப்புறம் ஆஸ்பத்திரி.
மயக்கம்: முதல்ல வெளிக்காத்துக்குத் தூக்குங்க.
வெட்டு: சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சுக் கையைத் தூக்குங்க. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேணாம். விரல் மடங்கலன்னாலோ மரத்திருந்தாலோ அன்னைக்கே வாங்க. டி.டி. ஊசி அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

26/
"இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் டாக்டர். பெட்ரோல்னா பத்து நிமிஷம்." ஆமா, ஆகும். ஊற வச்சுட்டுப் போய் வியாபாரத்தைப் பாருங்க, பசை எங்கேயும் ஓடிடாது. அதை விட நல்ல வழி ஒட்டும்போதே இருக்கு. ஒரு மாச ஆடிக்கு வருஷக்கணக்குல நிக்கிற பசை எதுக்கு? எளிதா உரியற வினைல் இருக்கு. பசையே இல்லாம கண்ணாடியில ஒட்டிக்கிற ஃபிலிம் இருக்கு. தண்ணியில அழியற கண்ணாடி மார்க்கர் இருக்கு. ஸ்டிக்கர் கடைக்காரர்கிட்ட கேளுங்க: "எடுக்குற கூலியும் சேத்து பில் போடுங்கண்ணே, ஒட்டினவரே எடுத்துக் கொடுங்க."

27/
வியாபாரி சங்கத்துல இருக்குறவங்களே, அடுத்த கூட்டத்துல ஒரு தீர்மானம் போடுங்க: எங்க தெருவுல ஸ்டிக்கர் எடுக்க பெட்ரோல், தின்னர் கிடையாது. ஒரு ரூபா செலவு இல்ல. வாடிக்கையாளர்களே, அடுத்த தடவை ஷட்டர் பாதி இறங்கின கடையில பெட்ரோல் வாசம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போகாதீங்க. உள்ள யாரு இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. "தம்பி, வெளியில வா"ன்னு கூப்பிடுங்க. ஓனர்கிட்ட இந்த இழையைக் காட்டுங்க. கோவப்பட்டா என் பேரைச் சொல்லுங்க.